‘ஜியாமெட்ரி ரீவிசிட்டட்’: ஒலிம்பியாடு மாணவர்களுக்கான ஒரு மதிப்புரை

எச். எஸ். எம். காக்ஸெட்டரும் எஸ். எல். கிரைட்ஸரும் எழுதி 1967-இல் வெளிவந்த ‘ஜியாமெட்ரி ரீவிசிட்டட்’, கணித ஒலிம்பியாடு என்னும் பள்ளி மாணவர் போட்டிக்குத் தயாராகும் மாணவர்களுக்கு இன்றும் தயங்காமல் பரிந்துரைக்கத்தக்க வடிவியல் நூல். 1974-இல் சர்வதேசப் போட்டியில் முதன்முறையாகப் பங்கேற்ற அமெரிக்க அணிக்குத் தலைமை வகித்தவர் இதே கிரைட்ஸர்தான்.

முக்கோணம் ஒன்றின் இரண்டு உட்கோண இருசமவெட்டிகள் (கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் கோடுகள்) சம நீளமுடையவை என்றால் அது இருசமபக்க முக்கோணமே என்னும் ஸ்டைனர்-லேமஸ் தேற்றம், பார்வைக்கு எட்டாம் வகுப்புக் கணக்குப் போலத் தோன்றினாலும், நேரடியாக நிறுவ முயல்பவரைத் திணறடித்துவிடும். நூலாசிரியர்களோ, கோணங்கள் சமமில்லையெனில் சிறிய கோணத்தின் இருசமவெட்டியே நீளமானது என்று காட்டி, முரண்பாட்டின் வழியே முடிச்சை அவிழ்க்கிறார்கள்.

8, 5, 3 அலகு கொள்ளளவுள்ள குடுவைகளை மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய குடுவையில் நிறைந்திருக்கும் நீரைச் சரிபாதியாகப் பிரிக்கும் பழைய புதிரும் இதில் உண்டு. ஒவ்வொரு நிலையையும் முக்கோணக் கட்டத்தில் ஒரு புள்ளியாகக் குறித்து, பில்லியர்ட்ஸ் பந்து விளிம்பில் மோதித் திரும்பும் பாதையைத் தொடர்ந்தால், 7 முறை ஊற்றுவதிலேயே விடை கிடைத்துவிடுகிறது. தருக்கப் புதிர் வடிவியலாக மாறும் அந்தச் சில பக்கங்களுக்காகவே நூலை வாங்கலாம்.

பயிற்சிகளுக்கான குறிப்புகள் மட்டும் மிகச் சுருக்கமானவை. தனியாகப் படிப்பவர் சில இடங்களில் நாள்கணக்கில் நின்றுவிட நேரும். ஓர் உருவத்தை வேறொரு தளத்தில் வீழ்த்தினாலும் மாறாத பண்புகளை ஆராயும் வீழ்ப்பு வடிவியலைப் பேசும் கடைசி அத்தியாயத்தை, தேர்வு நெருங்கிவிட்டவர்கள் தள்ளிவைக்கலாம். நிறுவல் எழுதிப் பழகாதவர்கள் பள்ளிப் பாடநூலை முடித்துவிட்டு இதைத் தொடுவதே நல்லது.