மலையில மஞ்சப் பூ எதுன்னு கண்டுபிடிக்க ஐநேச்சுரலிஸ்ட் ஆப் எப்படி இருக்கு?

நீலகிரில அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் போறவங்களுக்கு இந்தக் குழப்பம் கண்டிப்பா வரும், மஞ்சளா அவரைப் பூ ஜாடைல பூத்து நிக்குற புதர் நம்ம மண்ணுல பொறந்த கிலுகிலுப்பையா, இல்ல வெள்ளைக்காரன் அழகுக்குன்னு கொண்டு வந்து இப்போ புல்வெளி பூரா பரவிக் கிடக்குற ஸ்காட்ச் ப்ரூமான்னு. ரெண்டும் பட்டாணிக் குடும்பம்தான். ப்ரூமைப் பிடுங்கப் போற ஆளுங்க கிலுகிலுப்பைல கை வச்சுட்டா என்ன ஆகுறது, அதான் இந்த ரிவ்யூ.

ஆப் ஃப்ரீ, விளம்பரத் தொல்லை கிடையாது. 2008ல அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டில படிச்ச பசங்க ப்ராஜெக்டா ஆரம்பிச்சது, இப்போ லாப நோக்கம் இல்லாத அமைப்பா நடக்குது. மேல சிக்னல் இல்லேன்னாலும் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு கீழ வந்து ஏத்திக்கலாம். நான் முன்னாடி காசு கட்டி வச்சிருந்த வேற ஒரு ஆப் எந்த மஞ்சப் பூவைக் காட்டினாலும் அடிச்சுச் சொல்லுற மாதிரி ஒரே பேரைத்தான் சொல்லும். இது அப்படி இல்ல, ஜீனஸ் (பேரினம்) வரைக்கும்தான் உறுதின்னா அதை அப்படியே சொல்லிடும், மீதிய செடி தெரிஞ்ச மனுசங்க வந்து பார்த்துச் சொல்வாங்க. எனக்கு இதுதான் ரொம்பப் புடிச்சது.

ஆனா போட்டோ ஒழுங்கா எடுக்கணும்ங்க, பூவை மட்டும் க்ளோசப்ல எடுத்துப் போட்டா யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது. தண்டு, இலையோட ரெண்டு பக்கம், இலைக்காம்பு அடி, காய் எல்லாமே வேணும். ப்ரூம் தண்டு பச்சையா விளக்குமாத்துக் குச்சி கணக்கா நிக்கும், நீளவாக்குல வரப்பு வரப்பா இருக்கும், இலை பொடிசு, காய் தட்டை, காய் ஓரத்துல மட்டும் முடி, முத்தினா கறுத்துடும். கிலுகிலுப்பைக்குக் காய் உப்பி இருக்கும், காஞ்சதை எடுத்து ஆட்டினா உள்ள விதை சலசலன்னு கேக்கும், பூவுல கீழ் இதழ் நுனி கூரா மூக்கு வச்சாப்ல நீண்டிருக்கும். புதர் பூரா முள்ளுன்னா அது கோர்ஸ்ங்கற (gorse) வேற செடி, அதுவும் வெளிநாட்டுச் சரக்குதான்.

நான் ஏத்துனது சோலை ஓரத்துல நின்ன பெரிய புதர், அகலமான ஒத்தை இலை. ஒருத்தர் இலைக்காம்பு அடியையும் காட்டுங்கன்னு கேட்டாரு, போட்டதும் க்ரோட்டலேரியா செம்பர்ஃப்ளோரன்ஸ்னு, அதாவது கிலுகிலுப்பைல ஒரு வகைன்னு சொன்னாரு, இன்னொருத்தரும் ஒத்துக்கிட்டதும் ரிசர்ச் கிரேடு, அதாவது பேர் உறுதியான பதிவு ஆயிடுச்சு. காஞ்சு போன கிலுகிலுப்பைச் செடில நீலப்புலி வண்ணத்துப்பூச்சி வந்து மொய்க்குமே, அதையும் தனியா ஏத்தி வச்சேன், இந்தச் செடி போச்சுன்னா அதுக்கும்ல நஷ்டம்.

பதில் சொல்றவங்க எல்லாம் சம்பளம் வாங்காத ஆளுங்க, அதனால அவசரத்துக்கு ஆகாது. புல்லுக்குள்ள படர்ற சின்னக் கிலுகிலுப்பை வகைங்க நிறைய, அதுல ஸ்பீஷீஸ் (எந்த இனம்ங்கறது) வரைக்கும் போறது கஷ்டம்தான். 5க்கு 4.5 தாராளமா குடுப்பேன். பூவும் காயும் ஒண்ணா இருக்குற நேரமாப் பார்த்துப் போங்க, ப்ரூமைப் பார்த்தாலும் விடாம ஏத்துங்க, எது வரைக்கும் பரவியிருக்குன்னு மேப்ல பார்க்குறவங்களுக்கு உதவும்.