யாழ்ப்பாணம் சுற்ற கைபேசி வரைபடம்: கட்டிடத்துக்கு நம்பலாம், சாப்பாட்டுக்கு விசாரியுங்கள்

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரருக்கு ஊர் காட்டும் வேலை சில வருடங்களாக என் தலையில்தான். முன்பு கோயில், கடற்கரை என்றால் போதும். இப்போது வடிவான கட்டிடம், படம் எடுக்கக்கூடிய கடை, நல்ல கஃபே என்று பட்டியலோடு வந்து இறங்குகிறார்கள். அதற்காகவே கைபேசியின் வரைபடச் செயலியில் இடங்களைச் சேமித்து வைத்துப் பாவித்து வருகிறேன்.

கட்டிடங்களைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. கோட்டை, பொது நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், புதிய பண்பாட்டு மையம் எல்லாம் நடக்கிற தூரம். ஒரே பட்டியலில் போட்டுவிட்டு, பின்னேரம் வெயில் தாழ்ந்தபின் கிளம்பலாம். மணிக்கூட்டுக் கோபுரம் 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கை வந்ததன் நினைவாக எழுந்தது, வடிவமைத்தவர் ஜே. ஜி. ஸ்மிதர், கொழும்பு அருங்காட்சியகமும் அவர் வேலைதான். நூலகம் 1959இல் திறந்து, 1981இல் எரிக்கப்பட்டு, பழைய வடிவிலேயே திரும்ப எழுந்தது. அதற்குப் பக்கத்தில் புல்லுக்குளத்தோரம் 11 மாடிப் பண்பாட்டு மையம். நூலகத்தின் வெள்ளைக் குவிமாடத்துக்கு அருகே இவ்வளவு உயரம் தேவையா என்று எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. நான் தேவை என்ற கட்சி. பழையதைப் போலச் செய்கிறேன் என்று இன்னொரு குவிமாடத்தை வைத்திருந்தால்தான் பார்க்க முடியாமல் போயிருக்கும்.

பருத்தித்துறையில் மட்டும் செயலி காலை வாரும். தெரு மூடி மடத்தின் கூரைக்குக் கீழாலேயே தெரு போகிறது. இரு பக்கமும் கல் தூண்கள், வழிப்போக்கர் இளைப்பாறத் திண்ணைகள். வரைபடத்துக்கு அது வெறும் தெரு. நேரே போ, நேரே போ என்று சொல்லி உங்களை மடத்தைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். வாகனத்தை ஓரங்கட்டி இறங்குங்கள். திரும்பும்போது பருத்தித்துறை வடை வாங்க மறக்க வேண்டாம். மொறுமொறுவென்று தட்டையாக இருக்கும், நாள்கணக்கில் கெடாது, லண்டன் சூட்கேஸ்களில் எப்போதும் அதற்கு இடமுண்டு.

சாப்பாட்டுக்கு நட்சத்திரத்தை நம்பிப் போவதை நான் விட்டுவிட்டேன். நட்சத்திரம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வேளை சாப்பிட்டுப் போகிறவர்கள். குளிரூட்டியும் விளக்கு அலங்காரமும் இருந்தால் நாலரைக்குக் குறையாது. ஒழுங்கைக்குள் ஒரு அக்கா இரவில் அவித்துக் கொடுக்கிற புட்டும் சொதியும் வரைபடத்தில் புள்ளியாகக்கூட இல்லை. திறக்கும் நேரமும் அப்படித்தான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதிகள் மூடப்படும். ஊரில் பாதிப் பேர் மச்சம் (மீன், இறைச்சி) தொடமாட்டார்கள். செயலியோ மூடிய வீதிக்குள் திருப்பச் சொல்லும். தங்குமிடத்துக்காரரிடமோ ஓட்டோ அண்ணையிடமோ "நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டால் இதைவிட நல்ல பதில் வரும்.

என் பட்டியலில் நிரந்தரமாக இருப்பது பெரியகடைப் பக்கத்து மலாயன் கஃபே. மரக் கண்ணாடி அலுமாரி, சலவைக்கல் மேசை, சுவரில் சாமியார்களின் படங்கள். வாழையிலையில் மரக்கறிச் சோறு. சாப்பிட்டு முடிந்ததும் இலையை நாமே எடுத்துப்போய், கை கழுவுமிடத்தில் உள்ள துவாரத்தில் போட வேண்டும். கொழும்பில் காசு கொட்டி 'பழைய பாணி' கட்டுகிறார்கள். இங்கே அதை யாரும் கட்டவில்லை, அப்படியே விட்டிருக்கிறார்கள். இனிப்புக்கு நல்லூரடியில் ரியோ ஐஸ்கிரீம்.

கடைகளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன்: நட்சத்திரத்தைப் பார்க்காமல் படங்களைப் புதியது முதலாக வரிசைப்படுத்திப் பார்ப்பது. உடுப்புக் கடைகள் சில பழைய படத்தோடு நிற்கும், போனால் அந்த இடத்தில் கைபேசிக் கடை. பனையோலைப் பெட்டிக்கும் பனங்கட்டிக் குட்டானுக்கும் வரைபடமே வேண்டாம், சந்தைப் பக்கம் நடந்தால் கண்ணில் படும்.

நெடுந்தீவின் பவளக்கல் மதில்களைப் பார்க்கப் போகிறவர்கள் வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே சிக்னலை நம்ப முடியாது. படகு ஏறும் குறிகட்டுவானுக்குக் கடைசிப் படகு எப்போது திரும்பும் என்பதை மட்டும் இறங்குதுறையில் ஆளிடமே கேளுங்கள்.