ஜட்ஜ் அம்மா லீவு

டொராண்டோவிலிருந்து டிக்கெட் போட்டு, ஆபீஸில் கெஞ்சி விடுப்பு வாங்கி, ஜெட்லாக் தெளியாத கண்ணோடு போய் நின்றால், குடும்ப நீதிமன்ற வராந்தாவில் ஒரு வெள்ளைத்தாள். நீதிபதி விடுப்பு, வழக்குகள் பொறுப்பு நீதிபதி முன் அழைக்கப்படும். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. அன்று காலை ஒட்டியதில்லை, முந்தின நாளே விஷயம் தெரிந்திருக்கிறது. வழக்குத் தேதி பார்க்கிற ஈ-கோர்ட்ஸ் செயலி மட்டும் என் போனில் எதுவுமே நடக்காத மாதிரி அதே தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது. இத்தனை பெரிய செயலிக்குத் தெரியாதது ஒரு பசை டப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது!

பொறுப்பு நீதிபதி என்றால் உங்களுக்குத் தெரியுமே. டவாலி பெயர் கூப்பிடுவார், போய் நிற்கலாம், வாய்தா வாங்கலாம். வாக்குமூலம் பதிய மாட்டார்கள். என் மனைவிக்கும் எனக்குமான இந்த விவாகரத்தில் சண்டை சச்சரவே கிடையாது. இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு, பரஸ்பர சம்மதம், இரண்டாம் கட்டம். முதல் மனு போட்டு ஆறு மாதமும் ஓடிவிட்டது. இரண்டு பேரும் ஏறி நின்று "சம்மதம்தான்" என்று சொன்னால் முடிந்தது. அதைக் கேட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

பெஞ்ச் கிளார்க்கிடம் போனேன்.

"மேடம் டிரெய்னிங் போயிருக்காங்க சார். திங்கக்கிழமை வந்துருவாங்க."

"ஞாயித்துக்கிழமை எனக்கு ஃப்ளைட்டுங்க."

"அப்ப அடுத்த மாசம் போட்ருவோமா?"

அடுத்த தெருவிலிருந்து வந்தவனிடம் கேட்பது போலக் கேட்டார். கோபத்தில் கேன்டீனுக்குப் போனால், அங்கே அவளுடைய அப்பா டீ சொல்லிவிட்டு, "மாப்ளே, சீனி கம்மியா?" என்கிறார். இத்தனைக்குப் பிறகும் மாப்ளே! கனடாவில் இது நடக்காது. நடக்கவே வழியில்லை, அங்கே இதற்கெல்லாம் யாரும் கோர்ட்டுக்கு வருவதில்லை.

ஒன்டாரியோவில் தகராறு இல்லாத விவாகரத்தென்றால் காகிதங்களை ஆன்லைனில் போட்டுவிடலாம். நீதிபதி பார்த்துக் கையெழுத்திடுவார், 31-ஆம் நாள் உத்தரவு அமலுக்கு வரும். அங்கேயே வாங்கியிருக்கலாமே என்பீர்கள். 1991-இல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது குறுக்கே நிற்கிறது: வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்ல, இந்து திருமணச் சட்டம் ஏற்கும் காரணம் இருக்க வேண்டும், இல்லையென்றால் எதிர்த்தரப்பு முழுமனதோடு அதற்குச் சம்மதித்திருக்க வேண்டும். நாளைக்கு அவள் இங்கே மறுமணம் செய்யும்போது அந்தக் காகிதத்தை எவனாவது கிளறினால்? வேண்டாம், இங்கேயே முடிப்போம் என்று இரண்டு பேரும் பேசித்தான் வந்தோம்.

எங்கள் வக்கீல் ஆரம்பத்திலிருந்தே ஒரே பல்லவிதான், "நேர்ல வந்தாத்தான் சார்." டீ குடித்துவிட்டு வந்த பிறகு அதே பெஞ்ச் கிளார்க் தானாகக் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மெமோ போடுங்க, வீடியோல கேக்கச் சொல்லி." பத்து பைசா எதிர்பார்க்கவில்லை, மாதிரிக்கு ஒரு பழைய மெமோவையும் காட்டினார். 2017-இல் சாந்தினி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி விட்டிருக்கிறது: சமரச முயற்சி தோற்ற பிறகு, இரு தரப்பும் சேர்ந்து கேட்டால், நீதிபதி பொருத்தமென்று நினைத்தால் காணொலியில் விசாரிக்கலாம். ஃபீஸ் வாங்கிய வக்கீல் சொல்லாததை, நான் முறைத்துவிட்டுப் போன மனிதர் சொன்னார்.

அதிலும் ஒரு வில்லங்கம். வெளிநாட்டிலிருந்து பேசுபவர் இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் உட்கார வேண்டும் என்று கேட்பார்களாம். இங்கே காலை 10.30-க்குக் கோர்ட் கூடும்போது டொராண்டோவில் கோடைக்காலத்தில் நள்ளிரவு தாண்டி 1 மணி. சாயங்காலம் இங்கே கோர்ட் கலையும்போதும் அங்கே தூதரகக் கதவு திறந்திருக்காது. எந்த அதிகாரி எனக்காகக் கண்விழிப்பார்?

அதனால் வீட்டிலிருந்தே, பாஸ்போர்ட்டைக் கேமராவில் காட்டிப் பேச அனுமதி வேண்டுமென்று மெமோவில் எழுதியிருக்கிறோம். எனக்குப் பதிலாக ஆஜராகச் சித்தப்பா பேரில் பவர் பத்திரமும் அனுப்பப்போகிறேன். கனடா 2024 ஜனவரியில் அப்போஸ்டில் முறைக்கு, அதாவது அந்த நாட்டு அரசின் ஒரே சான்று மற்ற உறுப்பு நாடுகளிலும் செல்லும் முறைக்கு, வந்துவிட்டதால், முன்பு போலத் தூதரகச் சான்றுக்கு அலைய வேண்டியதில்லை. பத்திரம் ஊருக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆனால் சம்மதம் என்ற ஒரு வார்த்தையை சித்தப்பா சொன்னால் ஏற்பார்களா, நான்தான் சொல்ல வேண்டுமா என்பது ஜட்ஜ் அம்மா டிரெய்னிங் முடிந்து வந்து முடிவு செய்ய வேண்டியது.