சொல்வதெழுதலா, பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்பதா?

கொட்டாஞ்சேனையில் தரம் 3 பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன், வகுப்பில் 38 பேர். தவணைப் பரீட்சைப் புள்ளியை வைத்து ஒரு பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் இடையிடையே நாமே ஏதாவது செய்துபார்க்க வேண்டியிருக்கிறது.

எல்லோரும் செய்வது சொல்வதெழுதல். பத்துச் சொல், பத்து நிமிடம், முழு வகுப்பும் முடிந்துவிடும், இந்த வேகம் வேறு எதிலும் இல்லை. ஆனால் அது எழுத்துக்கூட்டலைத் தாண்டி எதையும் காட்டாது. எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிக்கும்போது 'மளை' என்று எழுதும் பிள்ளை காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறது. போன தவணை பத்துக்கு மூன்று எடுத்த ஒரு பையன், ஆடிவேல் தேருக்குப் பின்னால் நடந்ததைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதித் தந்தான். வரிக்கு வரி பிழை, ஆனால் தேர் வந்தது, கூட்டத்தில் தம்பியின் செருப்பு தொலைந்தது, அப்பா அவனைத் தோளில் தூக்கியது என்று சொன்ன ஒழுங்கு ஓர் இடத்திலும் குலையவில்லை. எழுத்தைப் பொறுத்தவரை என் தெரிவு இதுதான்: சொந்தமாக எழுதியதைத் திகதி போட்டு ஒரு கோப்பில் சேர்த்து, தவணை முடிவில் முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

வாசிப்புக்கு ரன்னிங் ரெக்கோர்ட். நியூசிலாந்தின் மேரி கிளே உருவாக்கிய முறை. பிள்ளை உரக்க வாசிக்க, சரியான சொல்லுக்கு ஒரு சரி, பிழைக்கு அது வாசித்த சொல், தானே திருத்திக்கொண்டால் அதற்கும் ஒரு குறி. நூற்றுக்கு 95 சொல்லோ அதற்கு மேலோ சரியென்றால் பாடம் இலகு, 90 முதல் 94 வரை படிப்பிக்கப் பொருத்தம், அதற்குக் கீழே கடினம் என்பது வழக்கமான கணக்கு. ஆங்கில வாசிப்பை வைத்துப் பிறந்த கணக்கு இது, தமிழுக்கு அப்படியே எடுக்கக்கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 'பாடசாலையிலிருந்து' நமக்கு ஒரே சொல், வேற்றுமை உருபில் சறுக்கினாலும் முழுச் சொல்லும் பிழையாகிவிடும். 'போய்க்கொண்டிருந்தாள்' என்பதைப் 'போய்ட்டிருந்தா' என்று வாசிக்கும் பிள்ளைக்குப் பொருள் நன்றாகவே விளங்கியிருக்கிறது, நான் அதைத் தனியாகக் குறிப்பேன், பிழையோடு கூட்டமாட்டேன்.

அப்புறம், ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்துவிட்டு "கதையில் என்ன நடந்தது?" என்று கேட்டால் வாயே திறக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதனால் புத்தகத்தை மூடிவைத்துக் கதையைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லவைப்பதை இதோடு சேர்த்தே செய்யவேண்டும். அதை மட்டும் தனியாகச் செய்தால் கூச்சமுள்ள பிள்ளைக்கு அநியாயம்.

குறிப்பிட்ட இடைவெளியில் சொல்லை எடுத்துவிட்டு நிரப்பச் சொல்லும் முறையை டெய்லர் 1953இல் முன்வைத்தார். தரம் 3க்கு அது சரிவரவில்லை, பொருத்தமான சொல்லோடு சரியான உருபையும் ஊகிப்பது அந்த வயதில் பெரும்பாடு.

நேரம்தான் தடை என்பார்கள். நாளுக்கு இரண்டு பிள்ளைகள், 19 பாடசாலை நாளில் வகுப்பு முழுவதும் முடிகிறது. முதல் பாடவேளையிலேயே கேட்டுவிடுங்கள், இடைவேளைக்குப் பிறகு மைதானத்துச் சத்தத்தில் மெல்லிய குரலில் வாசிக்கும் பிள்ளை என்ன வாசிக்கிறது என்றே கேட்காது.