தூவானுக்கு எந்தக் கூடு?

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுடன் ஓர் அறிவியல் கதை எழுதி வருகிறோம். அதில் வரும் பறக்கும் உயிருக்கு அவர்கள் வைத்த பெயர் தூவான். அது வாழ்வது வேறொரு விண்மீனைச் சுற்றும் புராக்சிமா பி கோளில். 2016இல் அறிவிக்கப்பட்ட அந்தக் கோள் 4.2 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் எப்போதும் பகலாகவும் மறுபக்கம் எப்போதும் இரவாகவும் இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். அதன் சூரியன் அடிக்கடி சீறித் தீப்பிழம்பை வீசும். சரி, அங்கே குஞ்சு பொரிப்பது எப்படி? மூன்று யோசனைகள் வந்தன. மூன்றும் நம் ஊர்ப் பறவைகள் தந்தவை.

முதலாவது, டவுன் கடைவீட்டு மாடிகளில் எச்சிலால் கூடு கட்டும் உழவாரன். இருட்டில் ஒலியெழுப்பி, எதிரொலி கேட்டு வழி கண்டுபிடிக்கும். இரவுப் பக்கத்துக்குப் பொருத்தம்தான். ஆனால் கூடு திறந்த கிண்ணம், முட்டையும் இரண்டே. இது வேண்டாம் என்றேன்.

இரண்டாவது கூகை. செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கப் பெட்டி வைத்து வளர்க்கிறார்களே, அதுதான். அபசகுனம் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கோ அதன் மேல் பெரிய மரியாதை. கூடே கட்டாது. முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்கிவிடும். மற்றவை சில நாள் இடைவெளியில் வரும். அதனால் குஞ்சுகள் பள்ளி வரிசையில் நிற்கும் பிள்ளைகள்போல் உயரம் உயரமாக இருக்கும். எலி நிறைய கிடைத்தால் எல்லாம் பிழைக்கும், குறைந்தால் கடைசிக் குஞ்சு போய்விடும். "கடைசிக் குஞ்சு பாவம் இல்லையா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். பாவம்தான். அதனால்தான் இது கதையில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரை நிச்சயமில்லாத உலகில் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளுக்குப் பிடித்தது மூன்றாவது, இருவாட்சி. தாய் மரப்பொந்துக்குள் போய் வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு பிளவு வழியாக ஆண் இரை ஊட்டும். சூரியச் சீற்றத்தைத் தடுக்க இந்தச் சுவரை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் ஆண் செத்தால்?

ஆகவே என் முடிவு, கூகையின் முட்டைக் கணக்கும் இருவாட்சியின் வாசலும். மலேசியக் காடுகளில் கூட்டமாக வாழும் ஓர் இருவாட்சி வகை உண்டு. அடைபட்ட தாய்க்கு அந்தக் கூட்டமே இரை கொண்டுவரும். தூவானுக்கும் அப்படியே. அப்பா திரும்பி வராத நாளில், முந்தைய ஈட்டில் பிறந்த அண்ணனும் அக்காவும் அந்தப் பிளவுக்கு இரை கொண்டுவரட்டும்.