ரூகர் ராங்லர் .22 ரிவால்வர்: மாட்டுப் பண்ணை வேலைக்கு இது பாதுகாப்பா?

டெக்சாஸில் கொஞ்சம் நிலம் வாங்கி நாலு மாடு கட்டலாம் என்று கிளம்புகிற நண்பர்கள், வேலி, தண்ணீர்த்தொட்டி, தீவனம் பற்றிக் கேட்பதற்கு முன்னாலேயே என்ன கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்கிறார்கள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இடுப்பில் ஒன்றைக் கட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்துவிட்டு வருகிற கேள்வி அது. நான் வைத்திருப்பது ரூகர் ராங்லர். பாம்புக்கு நல்ல கருவி, கொடுத்த காசுக்குக் குறையில்லை. ஆனால் மாட்டு வேலை செய்கிறவர் சாயங்காலம் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக இதை வாங்குவதாக இருந்தால், அந்தக் காசை வேறு இடத்தில் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் துப்பாக்கி. 2019இல் வந்த மாடல், .22 எல்ஆர் என்கிற சின்ன வகைத் தோட்டா, ஆறு கொள்ளும். குழல் 4.62 அங்குலம், எடை ஏறக்குறைய 850 கிராம். வந்தபோது கம்பெனி போட்ட விலை 249 டாலர், அதே கம்பெனியின் சிங்கிள் சிக்ஸ் என்ற இன்னொரு .22 ரிவால்வர் விலையில் பாதிகூட இல்லை. எங்கே குறைத்தார்கள் என்றால், உடல் அலுமினியக் கலவை, பளபளப்பு மெருகுக்குப் பதில் செராகோட் பூச்சு, குறிபார்க்கும் பகுதி திருகி நகர்த்த முடியாத நிலையான வகை. பண்ணைக்கு இதெல்லாம் ஒரு குறையே இல்லை. வியர்வையும் சாணியும் புழுதியும் படுகிற பொருளுக்கு மெருகு எதற்கு, அந்தப் பூச்சுதான் துரு பிடிக்காமல் காக்கும்.

இது சிங்கிள் ஆக்‌ஷன். ஒவ்வொரு முறை சுடவும் கட்டைவிரலால் ஹாமரை, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கிற சுத்தியலை, பின்னுக்கு இழுக்க வேண்டும். தோட்டா போடுவதும் மெதுவான வேலை, பக்கத்தில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, சிலிண்டரைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும், காலித் தோட்டாவைக் குழலுக்குக் கீழே இருக்கும் கம்பியால் அதேபோல ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். வேகம் வேண்டும் என்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். வேலி தாண்டி, வண்டியில் ஏறி இறங்கி, மூட்டை தூக்குகிற இடத்தில் இந்த மந்தம் நல்லது என்பது என் எண்ணம். உள்ளே டிரான்ஸ்ஃபர் பார் என்று ஒரு தகடு இருக்கிறது, ட்ரிகரைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் ஒழிய ஹாமரின் அடி தோட்டாவுக்குப் போய்ச் சேராது. 1973க்கு முன்னால் வந்த ரூகர் சிங்கிள் ஆக்‌ஷன்களில் இந்தத் தகடு கிடையாது, அதனால்தான் பழைய ஆட்கள் இன்றைக்கும் ஐந்து தோட்டா மட்டும் போட்டு ஹாமருக்கு நேரே இருக்கும் அறையைக் காலியாக விடுகிறார்கள். யாராவது தாத்தா காலத்துத் துப்பாக்கியைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால், எந்த வருஷத்துத் தயாரிப்பு என்று முதலில் கேளுங்கள்.

உறை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். உள்ளூர்க் கடையில் மலிவாக ஒன்று வாங்கினேன், ஹாமரைப் பிடித்துக்கொள்ளும் தோல்வார் சீக்கிரமே தளர்ந்துவிட்டது. குனிந்து குழாயைத் திருகும்போது துப்பாக்கி நழுவித் தண்ணீர்த்தொட்டிக்குள் விழுந்தால் எப்படி இருக்கும்? தடித்த தோலில், அழுத்தமான பட்டனோடு வாங்குங்கள்.

பாம்பு பற்றிச் சொல்கிறேன். சிசிஐ கம்பெனியின் .22 ஷாட்ஷெல் என்று ஒன்று கிடைக்கும், நீலநிற பிளாஸ்டிக் குப்பிக்குள் மணல்போலப் பொடிப்பொடி ஈயக் குண்டுகள், 12ஆம் நம்பர் ரவை என்பார்கள். ஏழெட்டு அடி தூரத்தில் கிலுகிலுப்பை விரியனின் தலைக்கு இது போதும். அதைத் தாண்டினால் ரவை சிதறிவிடும். ஆட்டோமேட்டிக் பிஸ்டல்களில் இந்தத் தோட்டா பெரும்பாலும் ஒழுங்காக ஓடாது, ரிவால்வரில் சிக்கலே இல்லை. மோட்டார் கொட்டகைக்குள், கன்றுக் கொட்டிலில், கையை விட்டு எடுக்கிற இடங்களில் பாம்பு இருந்தால் இது கைகொடுக்கும். திறந்த மேய்ச்சல் நிலத்தில் பாம்பைப் பார்த்தால் சுடவே வேண்டாம், பத்தடி விலகி நடந்தால் அதுவும் தன் வழியே போய்விடும். அமெரிக்காவில் வருஷத்துக்கு ஏழாயிரம் முதல் எட்டாயிரம் பேர் விஷப்பாம்புக் கடிபடுகிறார்கள், சாகிறவர்கள் ஐந்து பேர் அளவுக்குத்தான். கடிபடுகிறவர்களில் நிறைய பேர் பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ போனவர்கள். செத்துவிட்டது என்று தலையைக் கையால் எடுக்கவும் கூடாது, 2018இல் தெற்கு டெக்சாஸில் ஒருவர் பாம்பின் தலையைத் துண்டித்த பிறகு எடுக்கப்போய்க் கடிபட்டு உயிருக்குப் போராடினார்.

இதுவரைக்கும் பாராட்டு. இனிமேல்தான் விஷயம்.

மாட்டுப் பண்ணையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் பாம்போ திருடனோ இல்லை, அவர் தினமும் தீவனம் வைக்கிற மாடும் அவர் ஓட்டுகிற டிராக்டரும்தான். அயோவா, கான்சஸ், மிசூரி, நெப்ராஸ்கா என்ற நாலு மாநிலங்களில் 2003 முதல் 2008 வரை மாடு தாக்கி இறந்தவர்கள் 21 பேர் என்று அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி கணக்கெடுத்தது. அதில் பாதியளவு, பத்துப் பேர், காளையால். மற்றவர்களைக் கொன்றவற்றில் பசுக்களும் உண்டு. ஏறக்குறைய எல்லோருமே தலையிலோ மார்பிலோ அடிபட்டு இறந்தவர்கள். மூன்றில் ஒரு பங்கு சம்பவங்களில் அந்த மாடு ஏற்கெனவே மூர்க்கம் காட்டியது என்று தெரிந்திருந்தது. எனக்கு அடிவயிற்றில் குளிர்ந்தது இந்த வரியைப் படித்தபோதுதான்.

புதிதாகக் கன்று ஈன்ற பசுவிடம் போகிறீர்கள் என்று வையுங்கள். கன்றை முழங்காலுக்கு இடையில் இடுக்கிப் பிடித்திருக்கிறீர்கள், ஒரு கை அதன் காதில், இன்னொரு கையில் காதில் அடையாள வில்லை குத்தும் கருவி. கன்று ஒரு கத்து கத்துகிறது. தாய் தலையைத் தாழ்த்தி மூச்சைச் சீறிவிட்டுப் பின்னாலிருந்து வருகிறது, 500 கிலோவுக்கு மேல் எடை, நாலைந்து தாவலில் உங்கள் மேல் இருக்கும். அந்த நேரத்தில் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, கையுறையோடு உறைப் பட்டனை அவிழ்த்து, துப்பாக்கியை எடுத்து, ஹாமரை இழுத்து, குறிபார்த்து... நடக்காது. அப்படியே சுட்டாலும் .22 குண்டு மண்டையில் சரியான புள்ளியில் படாவிட்டால் அந்தப் பசுவுக்கு அது உறைக்கவே உறைக்காது. காலொடிந்த பெரிய மாட்டை வலியில்லாமல் முடிப்பதற்கே .22 போதாது என்றுதான் கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள், பாய்ந்து வருகிற மாட்டை நிறுத்த எங்கே போதும்? பெரிய தோட்டா போடுகிற துப்பாக்கி வாங்கலாமே என்பீர்கள். மிரண்ட மாடும் ஆளும் ஒரே பட்டிக்குள் இருக்கும்போது குண்டு இரும்புக் கம்பியில் பட்டு எங்கே தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. .22 சத்தமே 140 டெசிபலைத் தாண்டும், தகரக் கொட்டகைக்குள் வெடித்தால் மற்ற மாடுகள் எல்லாம் ஒரே கேட்டை நோக்கிப் பாயும், அந்தக் கேட்டுக்கு அருகில் இன்னொரு வேலையாள் நின்றுகொண்டிருப்பார்.

வேலையாட்களுக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்ற நல்லெண்ணம் இருந்தால் நில்லுங்கள். எச்-2ஏ என்கிற தற்காலிகப் பண்ணை வேலை விசாவில் வந்து வேலை செய்கிறவர், நிரந்தரமாகக் குடியேறாதவர் என்ற கணக்கில், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். விசாக் காகிதமே இல்லாதவருக்குச் சொல்லவே வேண்டாம். தெரிந்தே கொடுக்கிற முதலாளியும் குற்றவாளிதான். நம்மவர்களில் எச்-1பி விசாவில் இருக்கிறவர்களுக்கும் இதே விதிதான். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து 21 வயது ஆனவர் பெர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டுபோகலாம் என்ற செய்தியை மட்டும் படித்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள், மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தை அழிக்காது. ஆக, மாட்டோடு நாள் முழுக்க நிற்கிற, அடிபடக்கூடிய ஆட்களில் பெரிய பகுதிக்கு இந்தப் 'பாதுகாப்பு' சட்டப்படி கிடைக்கவே போவதில்லை. அவர்களுக்கு எட்டாத ஒன்றை வைத்துப் பண்ணையின் பாதுகாப்பைப் பேசுவது நியாயமே இல்லை.

போலீஸ் வர ஒரு மணி நேரம் ஆகும், மாட்டுத் திருட்டு இருக்கிறது என்று சொல்கிறவர்களை நான் தள்ளிவிடவில்லை. திருட்டு உண்மைதான், அதை விசாரிக்க டெக்சாஸ் மாட்டுப் பண்ணையாளர் சங்கம் தனி ரேஞ்சர்களையே வைத்திருக்கிறது. தனியாகத் தொலைவில் வசிக்கிற ஒருவர் முறையாகப் பயிற்சி எடுத்துத் தன் வீட்டில் துப்பாக்கி வைத்திருந்தால் அது அவர் முடிவு. ஆனால் பிக்கப் வண்டியில், சீட்டுக்கு அடியில், பூட்டாமல் போட்டு வைக்கிற பழக்கத்தைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. கடனும் வறட்சியும் தனிமையும் சேர்ந்து அழுத்துகிற தொழில் இது. கைக்கெட்டும் தூரத்தில் தோட்டா போட்ட துப்பாக்கி இருப்பதும் ஓர் ஆபத்துதான், அதையும் கணக்கில் சேருங்கள். இதோடு ஒரு பூட்டுப் பெட்டியும் வாங்க முடியாது என்றால் துப்பாக்கியே வேண்டாம்.

அந்த 249 டாலரை வேறு எங்கே போடுவது? பட்டியில் ஆள் மட்டும் நுழைந்து வெளியேறுகிற ஒடுக்கமான இடைவெளி ஒன்று ஒவ்வொரு பக்கமும் வையுங்கள், மாடு வராது, நீங்கள் ஒரே எட்டில் வெளியே வந்துவிடலாம். பழைய டிராக்டருக்குக் கவிழ்ந்தாலும் ஆளை நசுக்காத பாதுகாப்புக் கம்பி போடுங்கள், சீட் பெல்ட்டும் கட்டினால் கவிழும்போது பிழைப்பது கிட்டத்தட்ட உறுதி. செல்போன் எடுக்காத மேய்ச்சலுக்கு ஆளைத் தனியாக அனுப்புவதாக இருந்தால் கார்மின் இன்ரீச் மாதிரி செயற்கைக்கோள் கருவி ஒன்று, நூறு கிராம்தான், விழுந்து கிடந்தாலும் ஒரு பொத்தானை அழுத்தி உதவி கேட்கலாம், இதை விசா பார்த்துத் தர வேண்டியதில்லை. புல்வெளியில் நடக்கிறவருக்கு முழங்கால் வரைக்கும் பாம்புக் கடி தாங்கும் கால் கவசம். இதையெல்லாம் செய்துவிட்டு, கொட்டகைப் பாம்புக்கு ஒன்று வேண்டும் என்றால் ராங்லரைத் தாராளமாக வாங்குங்கள், அந்த வேலைக்கு இந்த விலையில் இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. அப்புறம் அந்த மூர்க்கக் காளையைச் சந்தைக்கு அனுப்பிவிடுங்கள், அடுத்த சினைப் பருவம் வரைக்கும் பார்க்கலாம் என்று வைத்திருக்காதீர்கள்.