சக்திமானுக்கு ஹீட்டர் போட்டு நாலு பனிக்காலம்

ஊட்டியை அடுத்த எமரால்டு பக்கம் எங்கள் தோட்டத்தில் ஓடுவது பழைய சக்திமான் லாரி. ஜெர்மனியின் மேன் கம்பெனி உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் செய்து ராணுவத்துக்குப் போன வண்டி. ஏலத்தில் எடுத்தோம். சேற்றில் நாலு சக்கரமும் இழுக்கும், அதில் குறையே இல்லை. ஆனால் கேபின் கூரை வெறும் கேன்வாஸ். ஜனவரியில் விடிகாலை நாலு மணிக்குக் கேரட் மூட்டையோடு கிளம்பினால் கிளட்ச் மிதிக்கிற கால் இருக்கிறதா என்றே தெரியாது. மூச்சுப் பட்டே முன்கண்ணாடி மங்கிவிடும். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்போம்; கொஞ்ச நேரம் தாங்கும்.

கூட வந்த பையன் ஒருநாள் தகர டப்பாவில் கரிக்கங்கு கொண்டுவந்தான். உடனே இறக்கச் சொல்லிவிட்டேன். மூடின இடத்தில் கரிப்புகை ஆளையே கொண்டுபோய்விடும்.

அப்புறம்தான் எஞ்சின் தண்ணீரில் ஓடும் ஹீட்டர் யோசனை வந்தது. எஞ்சின் ஹெட்டிலிருந்து சூடான தண்ணீரை ஒரு ஹோஸில் எடுத்து, குட்டி ரேடியேட்டர் மாதிரி இருக்கும் கோர் வழியாக விட்டு, வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம் திருப்பிச் சேர்க்க வேண்டும். பின்னால் ஒரு ஃபேன். கோயமுத்தூர் உக்கடத்தில், பழைய பஸ்ஸில் கழற்றியது கிடைத்தது. நம் வண்டி 24 வோல்ட், அதனால் 12 வோல்ட்டில் ஓடும் கார் யூனிட் ஆகாது. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்தால் அது சீக்கிரம் செத்துப்போகும்.

மாட்டி முடித்து ஓட்டினால் ஹீட்டரில் வந்தது வெதுவெதுப்புக்கூட இல்லாத காற்று. இரண்டு ஹோஸையும் கையால் பிடித்துப் பார்த்தேன். உள்ளே போவது சூடு, திரும்பி வருவது சில்லென்ற தண்ணீர். கோர் ரேடியேட்டரைவிட உயரத்தில் இருந்ததால் காற்று அடைத்துக்கொண்டது. மேல் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தியதும் புஸ்ஸென்று காற்று போய், பச்சைக் கூலன்ட் கொட்டியது. (இதை எஞ்சின் ஆறியிருக்கும்போது செய்யுங்கள்.) இப்போது இரண்டு ஹோஸும் ஒரே சூடு, ஆனாலும் கைக்கு இதமாக இருந்ததே தவிர சுடவில்லை.

ஒரு வாரம் மண்டையை உடைத்தபிறகு தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை; சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு அது. மெக்கானிக்கிடம் கேட்டேன். “அது எதுக்குங்கண்ணா, மலை ஏறுறப்ப சூடாகும்னு அப்பவே எடுத்துட்டேன்” என்றார். அது இல்லாவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்கே ஓடும். ஊட்டிக் குளிரில் எஞ்சின் சூடாகவே ஆகாது, டீசலும் கூடக் குடிக்கும். புதிதாக 82 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டோம். மறுநாளே பையன் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டான். ஹீட்டர் சரியில்லை என்பவர்கள் முதலில் அந்த ஹவுசிங்கைத் திறந்து பாருங்கள். ஹீட்டர் லைனைத் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாலேயே எடுக்க வேண்டும்.

இறக்கத்தில் கியரில் விட்டு வந்தால் எஞ்சினுக்கு வேலை இல்லை, ஹீட்டரும் ஆறிவிடும். குன்னூர் தாண்டினால் அது தேவையும் இல்லை. ஏற்றத்தில் நேர்மாறு: பர்லியாரிலிருந்து லோடோடு ஏறும்போது சூடு காட்டும் முள் மேலே போனால் ஹீட்டரைப் போட்டுவிடுவேன், இரண்டாவது ரேடியேட்டர் மாதிரி சூட்டை வாங்கிக்கொள்ளும். 2,200 மீட்டர் உயரத்தில் வெறும் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதிக்கும். பிரஷர் இருந்தால் அந்த அளவு கூடும்; அதனால் பிரஷர் பிடிக்காத பழைய ரேடியேட்டர் மூடியையும் மாற்றினேன்.

மூன்றாம் வருஷம் கேபினில் ஒரு இனிப்பு வாடை, கண்ணாடியில் துடைக்கத் துடைக்கப் பிசுபிசுப்பு. கோர் ஓட்டையாகிக் கூலன்ட் கசிந்திருக்கிறது. முன்பு ஓடைத் தண்ணீரையே ஊற்றி ஓட்டியதில் சேர்ந்த துரு, எஞ்சின் பிளாக்கிலிருந்து வந்து கோரை அரித்திருக்கிறது. பிளாக்கை நன்றாகக் கழுவி, புதிதாகக் கூலன்ட்டும் சுத்தமான தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றினேன். இப்படிக் கழுவுவதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

கேன்வாஸ் இடுக்குகளைப் பழைய டியூபை வெட்டி அடைத்திருக்கிறேன். இன்னும் கதவுப் பக்கம் காற்று வருகிறது.

ஏப்ரலில், ஹீட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைக்க ஹோஸில் இருக்கும் வால்வை மூட வேண்டும். போன வருஷம் மறந்துவிட்டேன். மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கும்போது சட்டையைப் பிழியலாம் போலிருந்தது.